பித்த உப்பும் சின்னப் பெப்ரைட்டும் தண்ணீரில் சேர்ந்தால் என்ன நடக்கும்? நம்மிடம் இருக்கிற மெஷின்களை வைத்து அளப்பது எப்படி

பித்த உப்பைச் சவர்க்காரம் மாதிரி நினைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்காதீர்கள். வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் இறுதி ஆண்டு ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான், ஏனென்றால் பாடப் புத்தகத்தில் மைசெல் என்று நாம் படித்த படம், அதாவது வெளியே தலைகள், உள்ளே வால்கள், நடுவில் எண்ணெய்த் துளி போன்ற ஒரு வட்டம், பித்த உப்புக்குப் பொருந்தாது. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு வரைபை வாசித்தால் இல்லாத முறிவுப் புள்ளி ஒன்றைத் தேடி நாட்கள் போகும்.

பித்த உப்பு நான்கு வளையம் சேர்ந்த ஒரு கடினமான தட்டு. முதல் இரண்டு வளையமும் சேரும் இடத்தில் தட்டு மடங்கியிருக்கும். பித்த உப்புகளில் ஒன்றான கோலேற்றை எடுத்தால் 3, 7, 12 ஆகிய காபன்களில் இருக்கிற மூன்று ஐதரொட்சில் கூட்டங்களும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். மற்றப் பக்கத்தில் 18, 19 என்று எண்ணப்படும் இரண்டு மெதைல் கூட்டங்கள். ஆக இதற்கு இரண்டு முகம் இருக்கிறது: ஒன்று தண்ணீரை விரும்பும், மற்றது வெறுக்கும். ஏற்றம் இருப்பது பக்கச் சங்கிலியின் நுனியில். இந்தத் தட்டின் வடிவத்தைப் பிடிக்க இரசாயனவியலாளர்களுக்கே கனகாலம் எடுத்தது. பித்த அமிலங்களின் அமைப்புக்காக ஹைன்ரிக் வீலான்டுக்கு 1927ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் அப்போது வரைந்த வளைய அமைப்பு சரியில்லை. பேர்னாலின் எக்ஸ் கதிர் வேலைக்குப் பிறகு 1932இல்தான் அது திருத்தப்பட்டது.

இந்த வடிவத்தால் வருகிற விளைவு பெரிது. நீள வால் இல்லாததால் பெரிய உருண்டை கட்டாது. நீர்வெறுக்கும் முகங்கள் இரண்டு ஒட்டும், பிறகு மூன்று நான்கு, இப்படிப் படிப்படியாகச் சேரும். கோலேற்றில் இரண்டு முதல் நான்கு மூலக்கூறு சேர்ந்த கூட்டங்களே கூடுதலாக இருக்கும், இன்னொரு பித்த உப்பான டீஒக்சிகோலேற்றில் நான்கிலிருந்து பத்து வரை போகும், உப்பு கூடினால் அதற்கு மேலும் வளரும். சேரத் தொடங்கும் செறிவையும் ஒரு புள்ளியாகச் சொல்ல முடியாது: கோலேற்றுக்குக் கிட்டத்தட்ட 9 முதல் 15 மில்லிமோலர், டீஒக்சிகோலேற்றுக்கு 2 முதல் 6 என்று ஒரு வீச்சாகத்தான் சொல்லலாம்.

சரி, இதுக்குள் பெப்ரைட்டு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, வந்தால் என்ன? இரண்டு முதல் ஐந்து அமினோ அமிலம் உள்ள சின்னப் பெப்ரைட்டு ஒன்றுக்கு ஏற்றம்தான் முதல் தீர்ப்பு சொல்லும் என்பது என் உறுதியான கருத்து. மறையேற்றமுள்ள பித்த உப்புக்குப் பக்கத்தில் லைசீனும் ஆர்ஜினீனும் இழுபடும், குளுட்டமிக்கும் அஸ்பார்ட்டிக்கும் தள்ளப்படும். அதற்கு அடுத்துத்தான் டிரிப்டோபன், பினைல்அலனீன் போன்ற வளையமுள்ளவை அந்த மெதைல் முகத்தில் போய்ப் படுக்குமா என்ற கேள்வி. பெப்ரைட்டுப் பிணைப்பின் என்எச்சும் சீஓவும் பித்த உப்பின் ஐதரொட்சிலோடு ஐதரசன் பிணைப்புப் போடலாம், ஆனால் சுற்றிவரத் தண்ணீர் இருக்கும்போது அது தனியாகப் பெரிய வேலை செய்யாது. இந்த ஒழுங்கு உங்கள் தரவில் உண்மையா என்று சோதிப்பதற்குத்தான் கீழே வருகிற திட்டம்.

இதை ஏன் அளக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு: நாம் சாப்பிடுகிற தயிரின் புரதம் சிறுகுடலுக்குள் துண்டு துண்டாகும் அதே இடத்தில்தான் பித்தமும் வந்து கலக்கிறது. மருந்துப் பக்கம் இன்னும் நேரடியான உதாரணம் இருக்கிறது. சைக்ளோஸ்போரின் என்பது 11 அமினோ அமிலம் கொண்ட வளையப் பெப்ரைட்டு. அதன் பழைய எண்ணெய்த் தயாரிப்பு உடலில் ஏறுவதற்குப் பித்தம் தேவைப்பட்டது, ஈரல் மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு பித்தம் குழாய் வழியாக வெளியே போகிற நோயாளிகளில் மருந்து சரியாக உறிஞ்சப்படவில்லை. மருந்துக் கரைதிறன் பார்ப்பதற்கு உலகம் முழுக்கப் பாவிக்கிற செயற்கைக் குடல் நீரிலும் பித்த உப்பு இருக்கிறது: வெறுவயிற்று நிலைக்கு 3 மில்லிமோலர் டோரோகோலேற்று என்ற பித்த உப்பு, சாப்பிட்ட நிலைக்கு 15. உங்கள் செறிவு வீச்சு இந்த இரண்டையும் உள்ளடக்கினால் அறிக்கை எழுதும்போது கதைப்பதற்கு விசயம் இருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். எந்தப் பித்த உப்பு? முதல் முறை செய்கிறீர்கள் என்றால் சோடியம் கோலேற்று. டீஒக்சிகோலேற்று விலை குறைவு, நன்றாகவும் பிடிக்கும், ஆனால் பிஎச் 8க்குக் கீழே வந்தால் கரைசல் பிசுபிசுத்து ஜெல்லாகிவிடும், இன்னும் இறங்கினால் அமிலமாகப் படியும். டோரோகோலேற்றின் சல்பொனேற்றுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது, குடலுக்கும் அதுவே நெருக்கம், விலைதான் கூட. காத்தான்குடியில் மாட்டிறைச்சிக் கடையில் பித்தப்பை கேட்டால் தருவார்கள்தானே, அதைப் பிழிந்து எடுக்கலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இந்த அளவீட்டுக்கு அது சரிவராது. அதில் லெசித்தின், கொலஸ்ட்ரோல், பிலிருபின் எல்லாம் கலந்திருக்கும், நிறமே உங்கள் ஒளியைக் குடித்துவிடும்.

பெப்ரைட்டைத் தெரிவு செய்வதில்தான் ஆய்வின் பாதி இருக்கிறது. கையில் கிடைத்த ஏதோ ஒன்றை மட்டும் வாங்கி அளந்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தம் சொல்ல முடியாது. மூன்று பெப்ரைட்டு எடுத்து, மூன்றிலும் ஒரே டிரிப்டோபனை வைத்துக்கொண்டு ஏற்றத்தை மட்டும் மாற்றுங்கள்: லைசீன்-டிரிப்டோபன்-லைசீன் நடுநிலைக் கரைசலில் கூட்டல் 2, கிளைசீன்-டிரிப்டோபன் பூச்சியம், குளுட்டமிக்-டிரிப்டோபன் கழித்தல் 1. மூன்றும் வாங்கக் கிடைப்பவை, தேவைப்படுவது மில்லிகிராம் கணக்கில்தான். காசு இடித்தால் முதல் இரண்டையும் வாங்குங்கள். நாம் அளக்கப் போவது டிரிப்டோபனின் ஒளிர்வை, அதாவது புளோரசன்ஸை. டைரோசீன் மட்டும் உள்ள பெப்ரைட்டை இந்த முறைக்கு எடுக்க வேண்டாம், ஏனென்றால் டைரோசீனின் ஒளிர்வு 303 நானோமீற்றர் பக்கத்திலேயே நிற்கும், சூழல் மாறினாலும் நகராது. டிரிப்டோபன் தண்ணீரில் 350 பக்கத்தில் ஒளிரும், எண்ணெய்த் தன்மையான இடத்துக்குப் போகப் போகக் குறைந்த அலைநீளத்துக்கு நகரும். அந்த நகர்வுதான் நமக்குச் சாட்சி.

தண்ணீர் விசயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. நம்ம கடலோரக் கிணறுகளில் கல்சியமும் குளோரைட்டும் இருக்கும், கல்சியம் பித்த உப்போடு சேர்ந்து கலங்கலாகப் படியும். நன்றாகக் காய்ச்சி வடித்த நீர், முடிந்தால் அயன் நீக்கியது. பாவிக்க முன் அதன் கடத்துதிறனை ஒருக்கா அளந்து எழுதி வையுங்கள். மாரி காலத்தில் பித்த உப்புத் தூள் ஈரத்தை இழுக்கும், போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு நிறுக்காதீர்கள், மிச்சத்தை உலர்த்திக்குள் வையுங்கள். போத்தல் லேபலில் நீரேற்று என்று போட்டிருந்தால் அந்த நீரின் நிறையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தாங்கற் கரைசலுக்கு 20 மில்லிமோலர் சோடியம் பொஸ்பேற்று, பிஎச் 7.5. டிரிஸ் என்ற தாங்கற் கரைசல் எல்லா இடத்திலும் இருக்கும், ஆனால் அதன் பிஎச் வெப்பநிலை ஒரு பாகை ஏற 0.03 அளவு இறங்கும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் குளிரூட்டி இல்லாத அறை 31, 32 பாகைக்குப் போகும், அப்போது 25 பாகையில் சரி பார்த்த டிரிஸ் வேறு பிஎச்சில் நிற்கும். பொஸ்பேற்று அப்படி ஆடாது. இது சின்ன விசயமில்லை: இருபெப்ரைட்டு ஒன்றின் அமினோ நுனி கிட்டத்தட்ட பிஎச் 8இல் பாதி ஏற்றத்தை இழந்துவிடும். பிஎச் 7.4இல் பெரும்பாலும் நடுநிலையாக இருந்த கிளைசீன்-டிரிப்டோபன் 9இல் மறையேற்றம் கொண்டதாக மாறி, அதே பித்த உப்பால் தள்ளப்படும். ஒருவர் 7.4இலும் இன்னொருவர் 9இலும் செய்து வெவ்வேறு முடிவு எழுதினால் இரண்டும் சரியாகவே இருக்கலாம்.

கரைசல் போடும் விதம் இது. 2.6 மில்லிகிராம் கிளைசீன்-டிரிப்டோபனை 10 மில்லிலீற்றரில் கரைத்தால் 1 மில்லிமோலர். அதில் 2 மில்லிலீற்றரைக் குழாயியால் எடுத்து 100 மில்லிலீற்றர் கனமானக் குடுவையில் தாங்கற் கரைசலால் நிரப்புங்கள், 20 மைக்ரோமோலர் வரும். இதை அ என்போம். யூவி மெஷினில் 280 நானோமீற்றரில் 0.11 அளவு உறிஞ்சல் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் நிறுவையிலோ கரைப்பிலோ பிழை, அங்கேயே நின்று சரிசெய்யுங்கள். ஆ என்பது அதே 20 மைக்ரோமோலர் பெப்ரைட்டோடு 60 மில்லிமோலர் கோலேற்றும் சேர்ந்தது: 50 மில்லிலீற்றருக்கு நீரற்ற கோலேற்று 1.29 கிராம், பெப்ரைட்டு மூலக்கரைசல் 1 மில்லிலீற்றர். அ கரைசலையும் ஆ கரைசலையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்தால் பெப்ரைட்டின் செறிவு மாறாமல் பித்த உப்பு மட்டும் ஏறும். உதாரணமாக 2.5 மில்லிலீற்றர் அ, 0.5 மில்லிலீற்றர் ஆ என்றால் 10 மில்லிமோலர். ஐதாக்கலுக்குத் திருத்தம் போடுகிற தொல்லையே இல்லை. இரண்டின் பிஎச்சையும் அளந்து 7.5க்குக் கொண்டுவாருங்கள், கோலேற்று போட்டதும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

இதோடு இன்னும் இரண்டு தொடர் தேவை. முதலாவது, பெப்ரைட்டே இல்லாத பித்த உப்புத் தொடர். இரண்டாவது, பித்த உப்புக்குப் பதிலாக அதே செறிவுகளில் சோடியம் குளோரைட்டு போட்ட தொடர். 30 மில்லிமோலர் கோலேற்று போடும்போது 30 மில்லிமோலர் சோடியமும் உள்ளே போகிறது, நீங்கள் காண்கிற மாற்றம் வெறும் உப்பினால் வந்ததா என்று இந்தத் தொடர் சொல்லிவிடும். வேலை மூன்று மடங்காகும்தான். ஆனாலும் இதைச் செய்யாத தரவை நான் நம்பமாட்டேன்.

பெப்ரைட்டுக்குப் போகும் முன் உங்கள் போத்தல் கோலேற்று எங்கே சேரத் தொடங்குகிறது என்று நீங்களே பாருங்கள். தாங்கற் கரைசல் இல்லாமல், தண்ணீரில் மட்டும், கடத்துதிறனைச் செறிவுக்கு எதிரே வரையலாம். சவர்க்கார வகையில் கோடு சட்டென்று முறியும். இங்கே மெல்ல வளையும். வளைவின் இரண்டு பக்கத்துக்கும் நேர்கோடு இழுத்துச் சந்திக்கும் புள்ளியை மட்டும் எழுதாமல், வளைவு தொடங்கி முடிகிற வீச்சையும் எழுதுங்கள். புளோரசன்ஸ் மெஷினில் பைரீன் என்ற ஒளிரும் பொருளைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவு: அரை மைக்ரோமோலர் போதும், 335 பக்கத்தில் தூண்டி, 373லும் 384லும் உள்ள உச்சங்களின் விகிதத்தைப் பாருங்கள். தண்ணீரில் 1.8 பக்கம் இருக்கும், கோலேற்று சேரச் சேர 1க்குக் கீழே இறங்கும். பைரீனைக் கையுறையோடு கையாளுங்கள்.

இப்போது முக்கியமான அளவீடு. புளோரசன்ஸ் மெஷினின் விளக்கைப் போட்டு அரை மணித்தியாலமாவது சூடாக விடுங்கள், இடையில் கரண்ட் போய் வந்தால் திரும்பவும் காத்திருந்து, முன்பு அளந்த ஒரு கரைசலை மறுபடி அளந்து ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் தொடர வேண்டும். வெப்பநிலையை 25 பாகையில் பிடிக்க வசதியில்லை என்றால் 30இல் பிடியுங்கள், ஆனால் நாள் முழுக்க ஒன்றிலேயே பிடியுங்கள். 295 நானோமீற்றரில் தூண்டி 310 முதல் 450 வரை பதியுங்கள்.

இங்கே ஒரு இடத்தில் வடிவாகக் கவனிக்க வேண்டும். 295இல் தூண்டும்போது தண்ணீரே 328 நானோமீற்றர் பக்கத்தில் ஒரு சின்ன உச்சம் தரும், அது ராமன் சிதறல். 20 மைக்ரோமோலர் பெப்ரைட்டின் ஒளிர்வு பலவீனமாக இருக்கும் மெஷினில் இந்த மேடு டிரிப்டோபன் உச்சத்தின் இடது தோளில் ஏறி நிற்கும், பார்த்தால் உச்சம் நீலப் பக்கம் நகர்ந்தது போலவே இருக்கும். கோலேற்றுத் தூளில் உள்ள மாசும் அதே பகுதியில் கொஞ்சம் ஒளிரும், கோலேற்று கூட அதுவும் கூடும், ஆகவே போலி நகர்வு செறிவோடு ஒழுங்காக வளர்ந்து அழகான பிணைப்பு வளைவு மாதிரியே வந்துவிடும். மருந்து ஒன்றுதான்: ஒவ்வொரு செறிவுக்கும் அதே செறிவுள்ள, பெப்ரைட்டு இல்லாத கரைசலின் நிறமாலையைக் கழியுங்கள். தண்ணீரை மட்டும் கழித்தால் காணாது. கழித்த பிறகும் 328இல் மேடோ குழியோ தெரிந்தால் இரண்டும் ஒரே நிலையில் அளக்கப்படவில்லை என்று அர்த்தம்.

உயரத்தை விட உச்சத்தின் இடத்தை நம்புங்கள். டிரிப்டோபனுக்குப் பக்கத்தில் உள்ள நேரேற்ற அமோனியம் ஒளிர்வை அணைக்கும் தன்மை கொண்டது, பிஎச் கொஞ்சம் ஆடினாலே உயரம் மாறும். 295இல் உறிஞ்சல் 0.1க்குக் கீழே இருக்கட்டும். கூடினால் தூண்டும் அலைநீளத்திலும் ஒளிரும் அலைநீளத்திலும் உள்ள உறிஞ்சல்களைக் கூட்டி, இரண்டால் வகுத்து, 10இன் அந்த அடுக்கால் ஒளிர்வைப் பெருக்கினால் உள்வடிப்புத் திருத்தம், அதாவது கரைசலே குடித்த ஒளிக்கான திருத்தம், கிடைக்கும்.

எதைக் காண்பீர்கள்? கிளைசீன்-டிரிப்டோபன் குறைந்த செறிவுகளில் அசையாமல் இருந்து, கோலேற்று சேரத் தொடங்கும் வீச்சில் மெல்ல நீலப் பக்கம் நகர்வதை எதிர்பார்க்கலாம். குளுட்டமிக் உள்ளது இன்னும் தயங்கும். லைசீன் இரண்டு உள்ளது வேறு கதை, அது கோலேற்று தன்பாட்டில் கூட்டம் கட்டும் செறிவுக்கு முன்பே பிடிக்கக்கூடும், ஏனென்றால் எதிர் ஏற்றமுள்ள பெப்ரைட்டே பித்த உப்புக்களைத் தன்னைச் சுற்றி அழைத்துவிடும். பெப்ரைட்டின் செறிவு கூட இருந்தால், ஏற்றங்கள் சமனாகும் இடத்தில் கரைசல் பால் மாதிரிக் கலங்கலாம், பித்த உப்பு இன்னும் கூடும்போது திரும்பத் தெளியலாம். கலங்கிய கரைசலை ஒளிர்வு மெஷினில் போடாதீர்கள், சிதறல் எல்லாவற்றையும் கெடுக்கும். அதற்குப் பதிலாக, டிரிப்டோபன் உறிஞ்சாத 400 நானோமீற்றரில் யூவி மெஷினில் கலங்கலை அளந்து தனி வரைபாகப் போடுங்கள், அதுவே நல்ல முடிவு.

நகர்வு வந்தது என்பதற்காக வளையம் உள்ளே புதைந்துவிட்டது என்று எழுதிவிட வேண்டாம். ஒளிர்வை அணைக்கும் பொருள், அதாவது அணைப்பான் ஒன்றால் உறுதிப்படுத்துங்கள். அக்கிரிலமைட்டு நடுநிலையானது, 0.3 மோலர் வரை படிப்படியாகச் சேர்த்து, ஆரம்ப ஒளிர்வை இப்போதைய ஒளிர்வால் வகுத்து அக்கிரிலமைட்டின் செறிவுக்கு எதிரே வரைந்தால் கிடைக்கும் சரிவு, டிரிப்டோபன் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று சொல்லும். பித்த உப்பு இருக்கும்போது சரிவு இறங்கினால் வளையம் மறைகிறது. அக்கிரிலமைட்டு 295இலும் கொஞ்சம் உறிஞ்சும், திருத்தம் போடுங்கள். நரம்பைத் தாக்கும் நஞ்சு அது, தூளை நிறுக்கும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம். அயடைட்டு மலிவு, ஆனால் அது மறையேற்றமுள்ளது, பித்த உப்புக் கூட்டத்தால் தானே தள்ளப்படும். ஆக அயடைட்டில் சரிவு இறங்கினால் பெப்ரைட்டு கூட்டத்துக்குக் கிட்ட இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம், உள்ளே இருக்கிறது என்று சொல்ல முடியாது. இரண்டையும் செய்து ஒப்பிட்டால் மேற்பரப்பில் நிற்கிறதா, முகங்களுக்கு நடுவே போனதா என்று பிரித்துப் பார்க்க வழி கிடைக்கும். அயடைட்டுக் கரைசலில் கொஞ்சம் சோடியம் தயோசல்பேற்று போடுங்கள், இல்லாவிட்டால் மஞ்சளாகி அதுவே ஒளியை உறிஞ்சும்.

புரத ஆய்வுகளில் பழகியவர்கள் கூழ்பிரிப்பு மென்சவ்வுப் பையை எடுத்துக்கொண்டு வருவார்கள்: பெப்ரைட்டு வெளியே போகட்டும், மைசெல் உள்ளே நிற்கட்டும், பிடிபட்ட அளவைக் கணக்குப் போடலாம் என்று. கோலேற்றில் அது நடக்காது. இரண்டு முதல் நான்கு மூலக்கூறுள்ள கூட்டம் கிட்டத்தட்ட 900 முதல் 1700 டால்டன்தான், 12,000 டால்டனுக்குக் கீழே உள்ளதை வெளியே விடும் பைக்குள்ளால் அது பெப்ரைட்டோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும். புரதக்காரர்கள் கோலேற்றை விரும்புவதே இப்படிக் கழுவி எடுக்கலாம் என்பதற்காகத்தான்.

பிணைப்பு எவ்வளவு இறுக்கம் என்று சொல்லும் பிணைப்பு மாறிலி ஒன்று வேண்டும் என்று மேற்பார்வையாளர் கேட்டால் கொடுக்கலாம். நகர்வை அல்லது ஒளிர்வு மாற்றத்தை, கூட்டமாகச் சேர்ந்த கோலேற்றின் செறிவுக்கு எதிரே பொருத்துங்கள். சேர்ந்த செறிவு என்பது மொத்தத்திலிருந்து சேரத் தொடங்கும் செறிவைக் கழித்தது. அந்தக் கழிக்கும் எண்ணே ஒரு வீச்சு என்பதால், வீச்சின் இரண்டு எல்லையையும் வைத்து இரண்டு முறை கணித்து இரண்டையும் எழுதுங்கள். ஐந்து தசம தானத்தில் ஒரு எண் எழுதுவதை விட இது நேர்மை. பிஎச், வெப்பநிலை, மொத்தச் சோடியம், பித்த உப்பின் நீரேற்று அளவு, இந்த நான்கும் இல்லாத மாறிலியை வேறு யாரும் பாவிக்க முடியாது.

பெப்ரைட்டு எந்த முகத்தில் படுக்கிறது என்று நேரே பார்க்க என்எம்ஆர், அதாவது கருக் காந்தப் பரிவு நிறமாலைதான் வழி. மாதிரியைக் கன நீரில் தயாரித்து, மெஷின் உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டி வரும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: 18, 19 மெதைல்களின் உச்சங்கள், 0.7, 0.9 பிபிஎம் பக்கத்தில் இருப்பவை, பெப்ரைட்டு சேர்த்ததும் மேற்புலப் பக்கம், அதாவது எண் குறையும் பக்கம், நகர்கின்றனவா? டிரிப்டோபன் வளையம் மெதைல்களுக்கு மேலே வந்து படுத்தால் வளையத்தின் எலத்திரன்கள் உண்டாக்கும் காந்த விளைவால் (வளைய ஓட்டம்) அவை நகரும், ஐதரொட்சில் பக்கத்து ஐதரசன்கள் அவ்வளவு அசையாது. இதற்கு மைக்ரோமோலர் பெப்ரைட்டு போதாது, சில மில்லிமோலர் வேண்டும், ஆகவே அனுப்ப முன் லைசீன் உள்ள மாதிரி அந்தச் செறிவில் கலங்குகிறதா என்று இங்கேயே ஒரு சின்னக் குழாயில் கலந்து ஒரு இரவு வைத்துப் பாருங்கள். கலங்கினால் கிளைசீன்-டிரிப்டோபனை மட்டும் அனுப்புங்கள்.